காரைக்குடியில் ஸ்விங் ஆன பந்து, கணினித் திரையில் ஏன் நேராகப் போனது?

கிரிக்கெட் பந்து காற்றில் வளைவதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்கள் சிலர் எடுத்துக்கொண்ட புராஜெக்ட் இது. நான் வழிகாட்டி. கணினியில் முதல் ஓட்டத்தில் பந்து வளையவில்லை. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை, வண்ணப் படங்கள் அழகாக வந்தன, ஆனால் பந்து மட்டும் நேராகப் போனது. ஏன் என்று தேடப் போனதில், விமானமும் ராக்கெட்டும் உலகக் கோப்பைப் பந்தும் வடிவமைக்கிறவர்கள் சிமுலேஷனை, அதாவது இப்படிக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதை, எப்படிக் கையாளுகிறார்கள் என்பது மாணவர்களுக்குப் பிடிபட்டது. அதனால்தான் வெற்றியடைந்த பகுதியைவிட அந்த முதல் ஓட்டத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட கேள்வி

செட்டிநாட்டில் கோடை வந்து கண்மாய் வற்றினால் அதன் தரைதான் மைதானம். பெரும்பாலும் டென்னிஸ் பந்து ஆட்டம். லெதர் பந்து ஆடும் அணிகள் மேட் விரித்து ஆடுவார்கள். மாணவர்களில் இருவர் அப்படி ஓர் அணியில் ஆடுகிறவர்கள். புதுப் பந்தைச் சீம் சாய்த்துப் போட்டால் வெளியே போகும், பக்கத்தை மாற்றிப் பிடித்தால் உள்ளே வரும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். அந்த விசை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை, விட்டம் சுமார் 7.2 செ.மீ. சீம் என்பது ஆறு வரிசைத் தையல், மேற்பரப்பிலிருந்து அது தூக்கி நிற்பது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேகம் விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். நம்மூர் லீக் ஆட்டத்தில் நல்ல வேகப்பந்து வீச்சாளரிடம் எதிர்பார்க்கக்கூடிய வேகம். எங்கள் ஊர் வெயிலில் காற்றின் பாகுத்தன்மையைச் சேர்த்துக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண், அதாவது காற்று வழவழவென்று போகுமா கலங்கிப் போகுமா என்பதைக் காட்டும் எண், சுமார் 1,30,000 வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கல் முழுவதும் இதில்தான் இருந்தது.

பந்து ஏன் வளைகிறது என்பதற்கான விளக்கம் கிரிக்கெட்டிலிருந்து வரவில்லை, விமானவியலிலிருந்து வந்தது. ஒரு பொருளை ஒட்டிப் போகும் காற்றில் மேற்பரப்பைத் தொட்டபடி மிக மெல்லிய ஓர் அடுக்கு உண்டு என்று 1904-ல் லுட்விக் பிராண்டில் சொன்னார். எல்லைப்படலம் என்று பாடத்தில் படிப்பது அதுதான். எங்கள் பந்தில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அந்தப் படலம் குழாயில் மெதுவாக விழும் தண்ணீரைப் போல வழவழவென்று போகலாம், திருகைக் கூடத் திறந்ததும் கலங்கி விழுவதைப் போலவும் போகலாம். வழவழவென்று போகும் படலம் சீக்கிரமே பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். கோளத்தில் முன்முனையிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 80 பாகையில் பிரியும். கலங்கிய படலம் வெளியே வேகமாகப் போகும் காற்றை உள்ளே இழுத்துக் கலந்துகொள்வதால் அதற்குத் தெம்பு அதிகம். 120 பாகை வரைகூட ஒட்டிக்கொண்டு போகும்.

1914-ல் பிராண்டில் இதைச் சோதித்தே காட்டினார். வழவழப்பான கோளத்தின் முன்பக்கம் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை மாட்டினார். கோளத்தில் எதையாவது ஒட்டினால் காற்றின் தடை கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். தடை குறைந்தது. கம்பி படலத்தைக் கலக்கிவிட்டது, கலங்கிய படலம் கடைசிவரை ஒட்டிப் போனது, பின்னால் உண்டாகும் சுழல் பகுதி சுருங்கியது. கிரிக்கெட் பந்தின் சீம் அந்தக் கம்பி செய்யும் வேலையை ஒரு பக்கத்தில் மட்டும் செய்கிறது. சீம் இருக்கும் பக்கம் படலம் தாமதமாகப் பிரிகிறது, இல்லாத பக்கம் சீக்கிரம் பிரிகிறது. பந்துக்குப் பின்னால் போகும் காற்று ஒருபுறம் திரும்புகிறது, பந்து மறுபுறம், சீம் காட்டும் திசையில், தள்ளப்படுகிறது.

இதைக் காற்றுச் சுரங்கத்தில் விரிவாக அளந்தவர்களில் முக்கியமானவர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரவீந்திர மேத்தா. சீம் சுமார் 20 பாகை சாய்ந்து, பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும்போது பக்கவாட்டு விசை பந்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் வரை போகலாம் என்பது இந்த ஆய்வுகளில் வந்த அளவு. பந்து மட்டையை அடைய ஏறக்குறைய 0.6 விநாடி ஆகும். அந்த நேரம் முழுக்க இந்த விசை இருந்தால் பந்து சுமார் 70 செ.மீ. விலகும். விசை ஒரே அளவாக இருந்தாலும் விலகல் நேரத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அதில் பெரும்பகுதி கடைசிப் பாதியில்தான் நடக்கிறது. ‘லேட் ஸ்விங்’ என்று நாம் கொண்டாடுவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

முதல் ஓட்டம்

மாணவர்கள் எடுத்தது ஓப்பன்ஃபோம் என்ற காற்றோட்டக் கணக்கு மென்பொருள். பணம் கட்ட வேண்டியதில்லை, மூலநிரலைத் திறந்து பார்க்கலாம். சீமைத் தனியாக வரைந்து, பந்தை 20 பாகை சாய்த்து, சுற்றிலும் மெஷ் போட்டார்கள், அதாவது காற்று இருக்கும் இடத்தைக் கணக்கிடச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தார்கள். காற்றின் ஓட்டத்துக்கு கே–எப்சிலான் மாதிரி, அதாவது கலங்கிய ஓட்டத்தைச் சராசரி எடுத்துக் கணக்கிடும் சமன்பாடுகள். எல்லாப் பயிற்சிக் காணொளியிலும் முதலில் வருவது அதுதான். நுழையும் காற்றின் கொந்தளிப்பு அளவு 5 சதவீதம். அதுவும் வழக்கமாக இட்டு நிரப்பும் எண்.

இரவு ஓடவிட்டுக் காலையில் பார்த்தார்கள். பக்கவாட்டு விசை ஏறக்குறைய பூஜ்யம். மிச்சமிருந்த சிறு விசையும் சீம் காட்டும் திசைக்கு எதிர்ப்பக்கம்.

அவர்களுடைய முதல் சந்தேகம் மெஷ்ஷின் மேல். நுணுக்கினார்கள், விடை மாறவில்லை. அடுத்து சீமின் உயரத்தைச் சந்தேகப்பட்டார்கள். கொஞ்சம் கூட்டிப் பார்த்தார்கள், அதிலும் பயனில்லை. கடைசியில் தங்கள் அணியின் மூத்த பந்துவீச்சாளரைக் கல்லூரிக்கே அழைத்து வந்தார்கள். டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் பந்தைப் பற்றி அவர் சொல்வதை நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சீம் நேராவா வச்சிருக்கீங்க தம்பி?”

“இல்லண்ணே, இருபது டிகிரி சாய்ச்சுத்தான் வச்சிருக்கோம்.”

“அப்ப ஏன் இந்தப் பக்கம் போற காத்தும் அந்தப் பக்கம் போற காத்தும் ஒரே மாதிரி இருக்கு? ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பிரிஞ்சா பந்து எதுக்கு வளையும்?”

அவர் விரலால் காட்டிய இடத்தில் பிரியும் கோணத்தை அளந்தோம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோணம், இரண்டும் 90 பாகையைத் தாண்டி. சீம் இல்லாத பக்கத்திலும் படலம் கலங்கியபடிதான் போய்க்கொண்டிருந்தது. கேள்வி அதோடு தெளிவாகிவிட்டது: கலக்க எதுவுமே இல்லாத வழவழப்பான பக்கத்தில் படலத்தைக் கலக்கியது யார்?

கலக்கியது கணித மாதிரிதான்

கே–எப்சிலான் போன்ற மாதிரிகள் படலம் முதல் புள்ளியிலிருந்தே கலங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகின்றன. அது குறை என்று சொல்ல முடியாது, அவை பிறந்த வேலை அப்படி. பயணிகள் விமானத்தின் இறக்கையில் ரெனால்ட்ஸ் எண் கோடிக்கணக்கில் இருக்கும். அங்கே முன்விளிம்பைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே படலம் கலங்கிவிடும், எனவே அந்த அனுமானம் பெரும்பாலும் செல்லும். விமானவியலில் பெரிதும் புழங்கும் இன்னொரு மாதிரி கே–ஒமேகா எஸ்எஸ்டி. ஃப்ளோரியன் மென்ட்டர் 1994-ல் வெளியிட்டது. பரப்பை விட்டுக் காற்று பிரியும் இடத்தை அது இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனாலும் அதே அனுமானத்தில்தான் நிற்கிறது. எங்கள் பந்தின் எண் 1,30,000. சீம் உசுப்பாவிட்டால் இந்த அளவில் படலம் பிரியும்வரை வழவழவென்றுதான் போகும். வழவழப்பான கோளம் தானாகக் கலங்குவதற்கு எண் சுமார் 3 லட்சத்தைத் தொட வேண்டும்.

எதிர்ப்பக்கம் சாய்ந்த அந்தச் சிறு மிச்ச விசைக்கும் இப்போது பொருள் கிடைத்தது. மிக வேகமாக வீசினால் பந்தின் இரண்டு பக்கமும் சீமின் உதவியில்லாமலே கலங்கிவிடும். அப்போது சீம் தன் பக்கத்துப் படலத்தைத் தடிமனாக்கிச் சீக்கிரம் பிரியவைக்கும், பந்து தலைகீழாக வளையும். ரிவர்ஸ் ஸ்விங் என்பது இதுதான். புதுப் பந்தில் அதற்கு மணிக்கு 140 கி.மீ.க்குக் குறையாத வேகம் வேண்டும். பழைய, சொரசொரத்த பந்தில் குறைந்த வேகமே போதும். ஆக, நாங்கள் 108 கி.மீ. என்று கொடுத்த பந்தை கே–எப்சிலான் மாதிரி, அதிவேகப் பந்தின் நிலையில் வைத்துத்தான் கணக்கிட்டிருக்கிறது. கேட்ட கேள்விக்குக் கணினி சரியாகவே பதில் சொன்னது, கேள்விதான் வேறு பந்தைப் பற்றியதாக இருந்தது.

இரண்டாம் ஓட்டம்

மூன்று மாற்றங்கள் செய்தார்கள். முதலாவது, வழவழப்பிலிருந்து கலங்கலுக்கு மாறும் இடத்தையே கணக்கிடும் லாங்ட்ரி–மென்ட்டர் மாதிரி. ஓப்பன்ஃபோமிலேயே அது இருக்கிறது. இரண்டாவது, நுழையும் காற்றின் கொந்தளிப்பை 5 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்கள். நல்ல காற்றுச் சுரங்கத்தில் காற்று அவ்வளவு அமைதியாகத்தான் வரும். 5 சதவீதத்தை அப்படியே விட்டிருந்தால் புது மாதிரியும் படலத்தை முன்கூட்டியே கலக்கிவிட்டிருக்கும்.

மூன்றாவதுதான் உயிரை வாங்கியது. பரப்பை ஒட்டிய முதல் மெஷ் அறையின் உயரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். அங்கிருந்து மெதுமெதுவாகப் பெருத்து வெளியே போக வேண்டும். சீமின் ஓரத்தில் இந்த மெல்லிய அடுக்குகள் மடங்கி உடைந்துகொண்டே இருந்தன. தையலை ஒவ்வொன்றாக வரையும் ஆசையை விட்டுவிட்டு, ஆறு வரிசையையும் ஒரே மேடாக மாற்றிய பிறகுதான் மெஷ் ஒழுங்காக நின்றது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. தையல் போனால் பாதகமில்லை, சீமின் உயரம் போனால் ஆய்வே போச்சு.

இந்த முறை திரையில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருந்தன. சீம் பக்கம் பின்னால் தள்ளிப் பிரிந்தது, மறுபக்கம் 80 பாகையை ஒட்டிப் பிரிந்தது. விசை சரியான திசையில் வந்தது. அளவு, வெளியான காற்றுச் சுரங்க அளவுகளைவிடக் குறைவு. கோளத்தின் பின்னால் காற்று ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை, சுழல்கள் மாறி மாறி உதிர்ந்துகொண்டே இருக்கும். சராசரி எடுக்கும் முறை அதை முழுதாகப் பிடிக்காது என்பதால் அந்த வித்தியாசம் எதிர்பார்த்ததுதான். புராஜெக்ட் அறிக்கையில் வித்தியாசத்தை மறைக்காமல் இரண்டு வரைபடங்களையும் ஒன்றாகப் போடச் சொன்னேன்.

திரையை மட்டும் நம்பி முடிக்க எனக்கு மனமில்லை. எங்கள் ஆய்வகத்தில் 30 செ.மீ. சதுர வாய் கொண்ட சிறிய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. பந்தின் குறுக்குப்பரப்பு அந்த வாயில் 5 சதவீதத்துக்கும் குறைவு, எனவே சுவர்களின் பாதிப்பு பெரிதாக இருக்காது. பந்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளைக் களிமண் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்து மெல்லப் பூசி, காற்றை விட்டார்கள். காற்று பரப்பை உரசும் இடத்தில் எண்ணெய் சீக்கிரம் உலர்ந்து களிமண் வெளுக்கும், பிரிந்துபோன இடத்தில் ஈரமாகவே கிடக்கும். காற்றை நிறுத்தி எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் எல்லைக்கோடு முன்னாலும், மறுபக்கம் நன்றாகப் பின்னாலும் இருந்தது. மாணவர்கள் பந்தைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். உதிரிபாகக் கடைக்காரருக்கு முதலில் போனதும் அந்தப் படங்கள்தான்.

பெரிய துறைகளில் இதே கேள்வி

மாதிரி எந்த எல்லைக்குள் செல்லும் என்ற கேள்வி விண்வெளித் துறையில் உயிர்களின் கேள்வியாக இருந்திருக்கிறது. 2003 ஜனவரி 16-ம் தேதி கொலம்பியா விண்ணோடம் ஏறும்போது வெளித் தொட்டியிலிருந்து உடைந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. சேதத்தை மதிப்பிட நாசா பக்கத்தில் ‘கிரேட்டர்’ என்ற கணக்கு முறையைப் பயன்படுத்தினார்கள். அது சரிபார்க்கப்பட்டிருந்தது மிகச் சிறிய துண்டுகளை வைத்து. மோதிய துண்டின் கன அளவு அவற்றைப்போலப் பல நூறு மடங்கு. அந்தக் கணக்கு கவலைப்படும்படியான ஆழத்தைத்தான் காட்டியது. ஆனால் அது எப்போதும் கூட்டித்தான் சொல்லும் என்று எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரி 1-ம் தேதி திரும்பி வரும்போது விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில், விசாரணையின் பகுதியாக, அதே அளவு நுரைத் துண்டை இறக்கையின் முன்விளிம்புப் பலகை மீது சுட்டுப் பார்த்தபோது பெரிய ஓட்டையே விழுந்தது. இந்தப் பகுதியை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு நம்பிக்கை தருவது. திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ‘பிரவாஹா’ என்று சொந்தமாக ஒரு காற்றோட்ட மென்பொருள் எழுதியிருப்பதாக இஸ்ரோ 2024-ல் அறிவித்தது. ககன்யான் ஏவுகலம், வீரர்கள் அமரும் கலம், ஆபத்தில் அதைப் பிய்த்துக்கொண்டு போகும் தப்பிப்பு அமைப்பு ஆகியவற்றின் காற்றியல் ஆய்வில் அது பயன்பட்டிருக்கிறது. அடிப்படையில் அதுவும் சராசரி எடுத்துக் கணக்கிடும் வகைதான், எங்கள் மாணவர்கள் ஓட்டிய வகை. ஆனால் இஸ்ரோ கணக்கோடு நிற்கவில்லை. காற்றுச் சுரங்கச் சோதனைகளும் உண்டு, 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆளில்லாக் கலத்தை ஏற்றி, ஒலியின் வேகத்தைத் தாண்டிய நிலையில் தப்பிப்பு அமைப்பை இயக்கிப் பார்த்த சோதனையும் உண்டு.

விளையாட்டில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு உலகக் கோப்பைக் கால்பந்து. 2010-ன் ஜபுலானி எட்டுத் துண்டுகளால் ஆனது, தையல் இல்லாமல் வெப்பத்தால் ஒட்டியது. பழைய 32 துண்டுப் பந்தைவிட வழவழப்பு. கோல்கீப்பர்கள் பந்து கடைசி நேரத்தில் அலைபாய்கிறது என்று புலம்பினார்கள். காரணம் எங்கள் பந்தின் கதையேதான்: பரப்பு வழவழப்பாக இருந்ததால் படலம் கலங்கும் வேகம் மேலே போய், ஃப்ரீ கிக் அடிக்கும் வேகத்தின் எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2014-ன் பிரசூக்காவில் துண்டுகள் ஆறுதான், ஆனால் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளமும் ஆழமும் கூடுதல். அலைபாயும் வேகம் குறைந்து பழைய பந்துகளின் அளவுக்கே திரும்பியது. பந்தைப் பார்த்தால் அழகுக்காக வளைத்த கோடுகள் போலத்தான் தெரியும்.

நீச்சலில் 2008-ன் ஸ்பீடோ எல்இசட்ஆர் உடையும் கணினிக் கணக்கிலும் நாசாவின் காற்றுச் சுரங்கத்திலும் தேறி வந்தது. உலக சாதனைகள் அடுக்கடுக்காக விழுந்ததும் 2010 முதல் அவ்வகை உடைகளுக்குத் தடை வந்தது.

இங்கே என்ன செய்யலாம்

1948-ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அதற்காக அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அப்போது ஆய்வு செய்ய நிலமும் கட்டடமும் முதலில் வேண்டியிருந்தது. இன்று இந்தத் துறையில் தொடங்க நல்ல மேசைக் கணினி ஒன்றும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் பல கல்லூரிகளில் சிமுலேஷன் புராஜெக்ட் என்றால் வண்ணப் படம் எடுத்து ஒட்டுவதோடு முடிகிறது. பக்கத்து அறையில் காற்றுச் சுரங்கம் உறை போட்டு மூடிக் கிடக்கும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். புராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையாவது “இந்தக் கணக்கை எதோடு ஒப்பிட்டாய், எங்கே விலகியது, ஏன்” என்ற கேள்விக்கு ஒதுக்க வேண்டும் என்று எங்கள் துறையில் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே அவர்களிடம் கேட்கப்போவதும் அதைத்தான்.

மெஷ் போடத் தெரியாத அந்தப் பந்துவீச்சாளர் ஒரே பார்வையில் பிடித்ததை நாங்கள் மெஷ்ஷில் தேடிக்கொண்டிருந்தோம். அதனால் இப்போது எந்த புராஜெக்டாக இருந்தாலும், அந்தப் பொருளைத் தினம் கையாளும் ஒருவரை முதல் முடிவு வந்ததுமே கூப்பிட்டுக் காட்டுவதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

அடுத்த அணி ரிவர்ஸ் ஸ்விங்கை எடுத்திருக்கிறது. உதிரிபாகக் கடைக்காரர் வெவ்வேறு ஓவர்கள் ஆடி முடித்த பழைய பந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் பேன்ட்டில் தேய்த்துப் பளபளப்பானது, மறுபக்கம் மேட்டில் உரசித் தோல் கிளம்பியது. அந்தச் சொரசொரப்பைக் கணக்குக்குள் எப்படி எண்ணாகக் கொண்டுவருவது என்பதில் இப்போது நிற்கிறார்கள். பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் முறைக்கு எங்கள் கணினிகள் போதாது. எனவே இந்த முறை வரிசையை மாற்றிக்கொண்டார்கள்: முதலில் களிமண் பூசி ஒவ்வொரு பந்திலும் படலம் எந்த வேகத்தில், எந்த இடத்தில் பிரிகிறது என்று அளந்து முடிப்பது, அதற்குப் பிறகுதான் கணினியைத் தொடுவது.